மண்தொட்டியில் உருகும் கண்ணாடி: எடைக் கணக்கும் ஓட்டக் கட்டுப்பாடும்

அடியில் துளையுள்ள மண்தொட்டியில் கண்ணாடித் துண்டுகளை நிரப்பி, மின்சூளைக்குள் ஒரு தட்டுக்கு மேலே உயரத்தில் நிறுத்திச் சூடேற்றினால், கண்ணாடி உருகித் துளை வழியே நூலாக இறங்கித் தட்டில் வட்டமாகப் பரவும். ஆறிய பின் கிடைப்பது, வண்ணங்கள் வளையங்களாகவும் சுழிகளாகவும் ஓடிய கனத்த வில்லை. சூளைக் கண்ணாடிக் கலைஞர்கள் இதைப் ‘பாட் மெல்ட்’ என்கிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள சிறு பட்டறைகளில், வெட்டி மிஞ்சிய துண்டுகளை வீணாக்காமல் பயன்படுத்தும் வழியாக இது பரவலாகப் புழங்குகிறது. இந்த வேலையில் இரண்டு கேள்விகள் எப்போதும் எழும். நினைத்த அளவு வில்லைக்கு எவ்வளவு கண்ணாடி போட வேண்டும்? அது எவ்வளவு வேகத்தில் இறங்கும், எப்போது நிற்கும்? முதல் கேள்வி தராசும் பெருக்கலும் தெரிந்தால் தீர்ந்துவிடும். இரண்டாவதில் பல காரணிகள் கலந்திருந்தாலும், அவற்றில் துளையின் அளவும் வெப்பநிலையும்தான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியவை.

எந்தக் கணக்குக்கும் முன்னால் கண்ணாடித் தேர்வு. ஒரே தொட்டியில் சேரும் துண்டுகள் அனைத்தும் சூட்டில் ஒரே அளவு விரிந்து, ஆறும்போது ஒரே அளவு சுருங்க வேண்டும். சந்தையில் ‘90’, ‘96’ என்ற எண்களோடு விற்கப்படும் உருக்குக் கண்ணாடிகள் இந்த விரிவுக் குணகத்தின் பெயராலேயே அறியப்படுகின்றன. அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1974-இல் தொடங்கிய புல்ஸ்ஐ நிறுவனத்தின் கண்ணாடி 90 வகையைச் சேர்ந்தது. இரண்டு வகைகளும் கலந்துவிட்டால் வில்லை அன்றே வெடிக்கலாம். சில மாதம் கழித்து அலமாரியிலும் வெடிக்கலாம். சன்னல் கண்ணாடி இந்த இரண்டிலும் சேராது. ஸ்ரீபெரும்புதூரில் மிதவை முறையில் வார்க்கப்படும் கண்ணாடியின் துண்டுகளைக் கொண்டும் பாட் மெல்ட் செய்ய முடியும். ஆனால் அதைத் தனியாகவே உருக்க வேண்டும். உருக்குக் கண்ணாடியைவிட அது இறுக்கமானது என்பதால் 50 டிகிரி வரை கூடுதல் சூடும் கேட்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத துண்டை, எவ்வளவு அழகான நிறமானாலும், தொட்டியில் போடாமல் இருப்பதே சரி.

எடைக் கணக்கின் அடித்தளம், கண்ணாடியின் அடர்த்தி. ஒரு கன செ.மீ. கண்ணாடி ஏறக்குறைய 2.5 கிராம். வில்லையின் பரப்பையும் தடிமனையும் செ.மீ. அளவில் பெருக்கி, வந்ததை 2.5-ஆல் பெருக்கினால் கிராமில் எடை கிடைக்கும். தடிமனை இங்கே செய்பவர் தன் விருப்பத்துக்கு முடிவு செய்ய முடியாது. தடுப்பில்லாத தட்டில் விழும் கண்ணாடி, சுமார் 6 மி.மீ. தடிமனில் நின்றுகொண்டு, மேலும் வருவதையெல்லாம் பக்கவாட்டில் தள்ளும். ஈர்ப்பு விசை அதைத் தட்டையாக்கப் பார்க்கிறது; பரப்பு இழுவிசை அதைத் திரட்டப் பார்க்கிறது. இரண்டும் சமமாகும் உயரத்தைக் கணக்கிட்டால் தட்டோடு கண்ணாடி ஒட்டும் கோணத்தைப் பொறுத்து 5 முதல் 7 மி.மீ. வரை வரும். 1959-இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த மிதவை முறையிலும், உருகிய வெள்ளீயத்தின் மேல் தானாகப் பரவும் கண்ணாடி 6, 7 மி.மீ. தடிமனில்தான் நின்றது, காரணம் இதே சமநிலைதான். எனவே தடுப்பில்லாமல் செய்யும்போது கூடுதல் கண்ணாடி போட்டால் வில்லை அகலுமே தவிரத் தடிக்காது.

6 மி.மீ. தடிமனுக்கு 20 செ.மீ. விட்டமுள்ள வில்லை சுமார் 470 கிராம் இருக்கும். 25 செ.மீ. என்றால் 735 கிராம். 30 செ.மீ. வில்லைக்கு 1,060 கிராம், 40 செ.மீ. வில்லைக்கு 1,885 கிராம். விட்டம் இரட்டித்தால் எடை நான்கு மடங்காகும் என்பதை மறந்து கண்மதிப்பில் போடுவதால்தான் பெரிய வில்லைகள் பெரும்பாலும் சிறுத்துப்போகின்றன. இன்னும் மோசம், 35 செ.மீ. தட்டில் அதிகம் போட்டுவிடுவது. விளிம்பைத் தாண்டிய கண்ணாடி சூளையின் தரைச் செங்கல்லைத் தின்றுவிடும். மின்கம்பிச் சுருளைத் தொட்டால் சூளைக்கே ஆபத்து. வில்லையின் விளிம்புக்கும் தட்டின் விளிம்புக்கும் இடையே குறைந்தது 3 செ.மீ. காலியாக இருக்கும்படி எடையை வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

6 மி.மீ.க்கு மேல் தடிமன் வேண்டுமானால் வளையத் தடுப்பு தேவை. 30 செ.மீ. வளையத்துக்குள் 9 மி.மீ. தடிமன் வேண்டுமென்றால் சுமார் 1,590 கிராம். வளையத்துக்குள் குறைவாகப் போட்டால் மெல்லிய வில்லை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. 4 மி.மீ. கணக்கில் 700 கிராம் போட்டால், கண்ணாடி வளையத்தைத் தொடாமலே 24, 25 செ.மீ. அகலத்தில் 6 மி.மீ. தடிமனில் நின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு வளையம் ஆறும்போது கண்ணாடியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். உள்பக்கம் 3 மி.மீ. செராமிக் ஃபைபர் தாள் சுற்றாவிட்டால் அது வில்லையை நெரித்து உடைத்துவிடும். ஒழுங்கற்ற வடிவமுள்ள அச்சுக்குச் சூத்திரம் தேட வேண்டியதில்லை. அதை அரிசியால் நிரப்பி, அந்த அரிசியை அளவுக் குவளையில் கொட்டிப் பார்த்தால் போதும்; ஒவ்வொரு மி.லி.க்கும் 2.5 கிராம்.

இந்தக் கணக்குகள் தட்டில் சேர வேண்டிய எடையைத் தருகின்றன. தொட்டியில் போட வேண்டியது இதைவிடக் கூடுதல்; ஏனென்றால் தொட்டியின் உட்சுவரில் ஒரு படலம் ஒட்டிக்கொண்டு இறங்காமலே நின்றுவிடும். உள்வாய் 13 செ.மீ., உள்ளடி 8.5 செ.மீ., உயரம் 12 செ.மீ. உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதன் உட்பரப்பு சுமார் 470 சதுர செ.மீ. அங்கே அரை மி.மீ. படலம் தங்கினால் 60 கிராம், ஒரு மி.மீ. தங்கினால் 117 கிராம் நட்டம். 30 செ.மீ. வில்லைக்கு இந்தத் தொட்டியில் 1,060-க்குப் பதிலாக 1,170 கிராம் போட வேண்டும். சிறு வில்லைக்குப் பெரிய தொட்டியை எடுத்தால் நட்டத்தின் விகிதம் ஏறிவிடும்: 300 கிராம் வேலைக்கு 100 கிராம் சுவருக்கே போய்விடும். ஆகவே கொள்ளும் அளவுக்குள் மிகச் சிறிய தொட்டியே மேல்.

கொள்ளளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன தொட்டியின் உள்கனஅளவு சுமார் 1,100 கன செ.மீ.; முழுக் கட்டியாக இருந்தால் 2.7 கிலோ கண்ணாடி பிடிக்கும். துண்டுகளாகப் போடும்போது இடையில் காற்று பாதி இடத்தை எடுத்துக்கொள்வதால் 1.4 கிலோவுக்கு மேல் போகாது. நீண்ட பட்டைகளை நெட்டுக்குத்தாக அடுக்கினால் கொஞ்சம் கூடுதலாகக் கொள்ளும். நடுவில் சூளையைத் திறந்து துண்டுகளைச் சேர்ப்பவர்கள் உண்டு. குளிர்ந்த கண்ணாடி அந்தச் சூட்டில் விழுந்ததும் சிதறித் தெறிக்கும் என்பதால் அது தவிர்க்க வேண்டிய பழக்கம்.

இனி ஓட்டம். குழாயில் பிசுபிசுப்பான திரவம் ஓடும் வேகத்தை 1840 வாக்கில் ஹேகனும் புவாசேயும் தனித்தனியே அளந்து சொன்ன விதி இங்கே பெருமளவு பொருந்துகிறது. ஓட்டம், துளை ஆரத்தின் நான்காம் படிக்கும் மேலே நிற்கும் கண்ணாடியின் உயரத்துக்கும் நேர்விகிதம். பாகுத்தன்மைக்கும் துளையின் நீளத்துக்கும் எதிர்விகிதம். தொட்டியில் துளையின் நீளம் என்பது அடிப்பகுதியின் தடிமன்தான், சுமார் 1 செ.மீ. துளையின் அகலம் இந்தத் தடிமனை நெருங்கும்போது நுழைவாயிலின் தடையும் சேர்ந்துகொள்வதால் நான்காம் படி மூன்றாம் படியை நோக்கிக் குறையும். அப்படிக் குறைந்தாலும் துளையை இரட்டித்தால் ஓட்டம் 8 முதல் 16 மடங்கு வரை கூடும். இந்த வேலையில் இதற்கு இணையான கருவி வேறில்லை.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மேற்சொன்ன தொட்டியில் 1,170 கிராம் உருகினால் உள்ளே சுமார் 6.5 செ.மீ. உயரம் நிற்கும். பாகுத்தன்மையை 2,500 பாஸ்கல்-நொடி என்று கொள்ளலாம். மென்மையான உருக்குக் கண்ணாடி 925 டிகிரி செல்சியஸில் இந்த அளவை ஒட்டி இருக்கும். 12 மி.மீ. துளை வழியே தொடக்கத்தில் மணிக்கு ஏறக்குறைய 200 கிராம் இறங்கும். உயரம் குறையக் குறைய அழுத்தமும் குறைவதால் வேகம் தேய்ந்துகொண்டே வரும். முழுவதும் இறங்க 12 மணி நேரத்தையும் தாண்டிவிடும். அதே துளையை ஓர் அரத்தால் 18 மி.மீ.க்கு அகலமாக்கினால் ஓட்டம் 4 மடங்குக்கு மேல் கூடி, வேலை 3 மணி நேரத்தில் முடியும். ஆறு மி.மீ. வித்தியாசம் ஒரு முழு இரவின் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. இவை தோராயக் கணக்குகளே. ஒவ்வொரு கண்ணாடிக்கும் பாகுத்தன்மை மாறும். ஆனால் விகிதங்கள் மாறாது, திட்டமிட அவை போதும்.

வெப்பநிலை இரண்டாவது பெரிய கருவி. கண்ணாடிக்கு உருகுநிலை என்று ஒரு புள்ளி கிடையாது. சூடு ஏற ஏறப் படிப்படியாக இளகும். அந்த இளக்கத்தின் வளைவை 1921-இல் வோகலும் 1925-இல் ஃபுல்ச்சரும் ஒரே வடிவச் சமன்பாட்டில் தந்தார்கள். அந்தச் சமன்பாட்டின்படி சன்னல் கண்ணாடி 800 டிகிரியிலிருந்து 900 டிகிரிக்குப் போகும்போது பாகுத்தன்மை ஏறக்குறைய பதினைந்தில் ஒன்றாகக் குறைகிறது. 900-இலிருந்து 950-க்குப் போனால் மூன்றில் ஒன்றாகிறது. அதாவது 100 டிகிரி ஏற்றுவதும் துளையை இரட்டிப்பதும் கிட்டத்தட்ட ஒரே பலன் தரும். பலன் ஒன்றானாலும் விலை ஒன்றல்ல. துளையை அகலமாக்க ஐந்து நிமிடம் போதும், சூளையில் வேறெதுவும் மாறாது. சூட்டை ஏற்றினால் கண்ணாடி ஒட்டாமலிருக்கத் தட்டில் தடவிய பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், தொட்டியை நிறுத்தும் எஃகுத் தாங்கிகள் செதிலாக உரியும், சிவப்பும் மஞ்சளும் கறுக்கும், சில கண்ணாடிகளின் விரிவுக் குணகமே நகர்ந்து மற்றவற்றோடு பொருந்தாமல் போகும். ஆகவே ஓட்டம் போதவில்லை என்றால் முதலில் கை வைக்க வேண்டியது துளையில். கட்டுப்பாட்டுக் கருவியின் எண்ணில் அல்ல. உருக்குக் கண்ணாடிக்கு 900 முதல் 930 டிகிரி வரையிலான எல்லைக்குள் நின்று, தேவைப்படும் நேரத்தைத் துளையால் சரிசெய்வதே பாதுகாப்பான முறை.

இறங்கும் காட்சியைச் சூளையின் பார்வைத் துளை வழியே கவனித்தால் இந்த விதிகள் கண்ணில் படும். 800 டிகிரியைத் தாண்டியதும் துளையின் வாயில் ஒரு குமிழ் புடைக்கும். அது பல நிமிடம் அசையாமல் தொங்கும். பிறகு பேரிக்காய் வடிவில் நீண்டு, தன் எடையாலேயே வேகம் பிடித்துத் தட்டைத் தொடும். பின்னால் வரும் நூல், தேனை உயரத்திலிருந்து ஒழுக விட்டால் சுருள்வதுபோல, விழுந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி அடுக்கும். பிசுபிசுப்பான நூலின் இந்தச் சுருளலை பார்ன்ஸும் வுட்காக்கும் 1958-இல் இயற்பியல் ஆய்வாக எழுதினார்கள். வில்லையில் தெரியும் நுண்சுழிகளுக்கு இதுவே மூலம். தொட்டி உயரமாக இருந்தால் நூல் மெலிந்து வேகமாகச் சுருளும், கோடுகள் நெருங்கும். தாழ்வாக இருந்தால் தடித்த மடிப்புகளாக விழும். 10 செ.மீ.க்கும் குறைவான உயரத்தில் வில்லையின் நடுவே மேடு கட்டித் துளையை எட்டிப்பிடிக்கும் வாய்ப்பும் உண்டு. உயரம் வடிவத்தையே பெரிதும் மாற்றுகிறது. இறங்கும் எடையை அது அதிகம் பாதிப்பதில்லை.

நிறங்கள் வரும் வரிசையும் ஓட்டத்தைச் சேர்ந்த விஷயம். முதலில் விழுந்தது பின்னால் வருவதால் வெளியே தள்ளப்பட்டு விளிம்பாகும்; கடைசியில் வந்தது நடுவில் தங்கும். இதை வைத்து, தொட்டியின் அடியில் போட்ட நிறம் விளிம்பிலும் மேலே போட்டது நடுவிலும் வரும் என்று திட்டமிடுவது பாதிதான் பலிக்கும். துளைக்கு நேர் மேலே உள்ள நடுத்தண்டு முதலில் இறங்கிவிடும், சுவரோரம் உள்ளது பின்தங்கும். எனவே நடுவில் தெரிய வேண்டிய நிறத்தைச் சுவரோரமாக அடுக்குவதே பொருத்தம். நிறத்துக்கு நிறம் பாகுத்தன்மையும் வேறு. கறுப்பு எளிதில் ஓடும். ஒளிபுகா வெள்ளை இறுக்கமானது, மெதுவாகவே வரும். கறுப்பு சிறிதளவே இருந்தாலும் வில்லை முழுவதையும் ஆக்கிரமிக்கும். ஒளிபுகும் நிறமற்ற கண்ணாடி பாதிக்குக் குறையாமல் இருந்தால்தான் மற்ற நிறங்கள் தனித்துத் தெரியும். இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து சேற்றுப் பழுப்பாகிவிடும். கந்தகம் அல்லது செலினியம் கொண்ட மஞ்சள், சிவப்பு வகைகள் செம்பு கொண்ட நீலப்பச்சையோடு சேரும் இடத்தில் கரும்பழுப்புக் கோடு விழும். அதை வேண்டுமென்றே பயன்படுத்தும் கலைஞர்களும் இருக்கிறார்கள்.

துளையின் எண்ணிக்கையும் வடிவமும் தனி விளையாட்டு. மூன்று துளை போட்டால் மூன்று குளங்கள் உருவாகி, சந்திக்கும் இடத்தில் கோடு தெரியும். ஒரு பெரிய துளைக்குப் பதிலாக அதே மொத்தப் பரப்பில் நான்கு சிறு துளைகள் போட்டால் ஓட்டம் கூடும் என்று தோன்றலாம். நான்காம் படி விதிப்படி அது நான்கில் ஒன்று வரை குறையும். நீண்ட பிளவாக வெட்டினால் நூலுக்குப் பதில் திரை இறங்கி, அலையாக மடியும்.

நிறுத்துவதற்கு இரண்டு வழிகள். அளந்து போட்டதை முழுவதும் இறங்க விடுவது முதல் வழி. பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே சரி, எடைக் கணக்கு முக்கியமாவதும் இதனால்தான். நடுவில் நிறுத்த வேண்டுமானால் சூட்டைக் குறைக்க வேண்டும். 100 டிகிரி இறங்கினால் ஓட்டம் பதினைந்தில் ஒன்றாகும். 700 டிகிரிக்கு அருகில் நின்றேவிடும். ஆனால் துளையில் தொங்கும் நூல் வில்லையோடு ஒட்டியபடியே உறைந்து, ஆறியதும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். பாட்டில் தொழிற்சாலைகளில் துளைக்கு மேல் ஏறியிறங்கும் தண்டும் கீழே வெட்டும் கத்தியும் ஒவ்வொரு கட்டியின் எடையையும் ஒரே அளவில் வைத்திருக்கின்றன. அங்கேயும் கண்ணாடியின் சூட்டை நிலையாக வைப்பதுதான் முதல் வேலை. சிறு சூளையில் அந்தத் தண்டு இல்லை. எடைதான் அதன் இடத்தை நிரப்புகிறது.

தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூச்சோ வர்ணமோ இல்லாத, நன்றாகச் சுட்ட சாதாரண செம்மண் தொட்டி போதும். நாட்டுச் சூளையில் குறைந்த சூட்டில் சுட்டவை 925 டிகிரியில் வளைந்தோ பிளந்தோ போகலாம் என்பதால் ஒரு தொட்டியை வெறுமையாகச் சுட்டுச் சோதிப்பது நல்லது. ஈரம் நீராவியாகித் தொட்டியை உடைக்காமலிருக்க 100 டிகிரி அளவில் சிறிது நேரம் நிறுத்த வேண்டும். குவார்ட்ஸ் தன் அமைப்பை மாற்றும் 573 டிகிரியைக் கடக்கும் வரை மணிக்கு 100 முதல் 150 டிகிரி வேகம் போதும். உட்புறத்தில் சூளைப் பூச்சு தடவக் கூடாது. அது உரிந்து கண்ணாடியோடு இறங்கி வெள்ளைத் துகள்களாகத் தெரியும். தட்டில் பூச்சு தாராளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் விழும் நூல் ஒரே இடத்தை அரித்துக்கொண்டே இருக்கும். துண்டுகளைக் கழுவி உலர்த்தாமல் போட்டால் தூசி சாம்பல் நிறப் படலமாக மிஞ்சும். தொட்டி ஒருமுறைக்குத்தான். உள்ளே ஒட்டிய கண்ணாடி ஆறும்போது களிமண்ணைவிட அதிகம் சுருங்கி அதைப் பிளந்துவிடும்.

ஓட்டம் நின்றதும் உடனே குளிரவிடுவது தவறு. 815 டிகிரி அளவில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்தால் சிக்கிய காற்றுக் குமிழ்கள் மேலே வந்து வெடித்து, அந்தக் குழிகள் மூடிக்கொள்ளும். பிறகு 700 டிகிரி வரை உள்ள பகுதியை விரைவாகக் கடக்க வேண்டும். அங்கே தாமதித்தால் மேற்பரப்பு படிகமாகி மங்கும். புல்ஸ்ஐ கண்ணாடிக்கு ஆறவைக்கும் சூடு 482 டிகிரி. சீரான 12 மி.மீ. தடிமனுக்கு 2 மணி நேரம் அங்கே நிறுத்தி, தொடக்கத்தில் மணிக்கு 55 டிகிரி வீதம் இறக்குவது நிறுவனம் தரும் கணக்கு. 19 மி.மீ. என்றால் 3 மணி நேரமும் 25 டிகிரி வீதமும். பாட் மெல்ட் வில்லையில் பல நிறங்கள், பல பாகுத்தன்மைகள் கலந்திருப்பதால், 6 மி.மீ. வில்லையையும் 12 மி.மீ. போல நடத்துவதே நியாயம்.

சூளை அறைச் சூட்டுக்கு வந்ததும் வில்லையை எடுத்து எடை போட வேண்டும். தொட்டியில் போட்டதிலிருந்து அதைக் கழித்தால் அந்தத் தொட்டிக்கும் அந்தக் கண்ணாடிக்கும் உரிய சுவர் நட்டம் கிடைக்கும். அந்த எண்ணோடு துளையின் விட்டம், உச்சச் சூடு, இறங்க எடுத்த நேரம் ஆகியவற்றையும் எழுதிவைத்தால், அடுத்த வில்லைக்குக் கூட்ட வேண்டிய கிராமும் துளையை அகலமாக்க வேண்டிய மி.மீ.யும் அதிலிருந்தே வந்துவிடும்.